ஊதுங்கள், ஐயா!

கொண்டாப்பூரில் சனிக்கிழமை என்பது இரவு 10 மணிக்குத்தான் பிறக்கிறது. வாரம் முழுதும் கணிப்பொறிக்கு முன்னால் முதுகு வளைந்து கிடந்தவர்கள் அன்றுதான் நிமிர்ந்து நடக்கிறார்கள். நள்ளிரவு தாண்டினால் அந்த நிமிர்வும் சிலரை விட்டுப் போய்விடுகிறது. அந்த நேரம் பார்த்து, கொத்தகூடா நாற்சந்திக்கும் தாவரவியல் பூங்காவுக்கும் இடையே எங்கேனும் ஓரிடத்தில், மழைக்குப்பின் காளான் முளைப்பதுபோல, இரும்புத் தடுப்புகள் முளைக்கும். காவலர் நால்வர், நாற்காலி ஒன்று, ஒரு சிறு கருவி, வெள்ளைக் குழல்கள் நிறைந்த ஒரு பை. அவ்வளவுதான் பரிவாரம். ஆனால் அதைக் கண்டதும் பெரிய பெரிய வண்டிகளெல்லாம் தயங்கி நிற்கின்ற காட்சி இருக்கிறதே, அதைக் காணக் கண் கோடி வேண்டும்.

சிலர் வந்த வழியே திரும்பப் பார்ப்பார்கள். சிலர் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி, "நான் ஓட்டவில்லை, தள்ளிக்கொண்டுதான் போகிறேன்" என்பதுபோல் மெல்ல உருட்டுவார்கள். சிலர் வாயில் கிராம்பும் ஏலக்காயும் மணக்கும்; பாயசத்துக்குக்கூட நம் வீட்டில் அவ்வளவு போடமாட்டார்கள். காவலர் கருவியை முகத்தருகே நீட்டி, "ஊதண்டி" என்கிறார். தெலுங்கு அறியாத நம்மவர்க்கும் இந்தச் சொல்லுக்கு அகராதி வேண்டியதில்லை. ஊது என்பது இரு மொழிக்கும் பொதுச்சொத்து. ஐதராபாத்துக்கு வந்த புதிதில் ஒரு சொல்லும் புரியாமல் விழித்த எனக்கு, திராவிட மொழிகளின் உறவை ஐயமற விளக்கிய ஆசிரியர் ஒரு போக்குவரத்துக் காவலர்தாம்.

நான் பின்னிருக்கைப் பயணி. ஆகவே எனக்கு ஊதும் பேறு வாய்த்ததில்லை. என் அறைத் தோழர்களுள் ஒருவர், தேனிப் பக்கத்தவர், மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவர், அடிக்கடி ஊதியிருக்கிறார். கருவி பூச்சியம் காட்டும்போதெல்லாம் ஏதோ பல்கலைக் கழகத் தேர்வில் தேறியவர்போல் மகிழ்வார். அவர்தாம் ஒரு நாள் இரவு கேட்டார்:

"தம்பி, நீ சட்டம் படிக்கிறவனாயிற்றே. அந்த முப்பது, முப்பது என்கிறார்களே, அது என்ன கணக்கு?"

"நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் மது, அண்ணே. அதற்கு மேலே போனால் குற்றம்."

"அது எத்தனை புட்டி?"

கேள்வியைப் பாருங்கள்! சட்டம் மில்லிகிராமில் பேசுகிறது. மனிதன் புட்டியில் பேசுகிறான். ஆள் எடை, உண்ட உணவு, குடித்த வேகம் ஆகியவற்றைப் பொறுத்து இக்கணக்கு மாறும். என்றாலும், நடுத்தர உடற்கட்டுடைய ஆணொருவர் ஒரு சிறிய பீர்ப் புட்டியிலேயே எல்லையை நெருங்கிவிடக்கூடும். பெரிய புட்டியென்றால் எளிதில் தாண்டிவிடுவார். கிராம்பு உதவாது. வாயின் மணத்தைக் கருவி முகர்ந்து பார்ப்பதில்லை. இரத்தத்திலிருந்து நுரையீரலுக்கு வந்து மூச்சோடு வெளியேறும் மதுவைத்தான் அது அளக்கிறது. ஏறக்குறைய 2,100 பங்கு மூச்சில் இருக்கும் மது, ஒரு பங்கு இரத்தத்தில் இருக்கும் மதுவுக்குச் சமம் என்ற கணக்கின்மேல் அது ஓடுகிறது. ஏலக்காய் தின்றால் மூச்சு மணக்கும், கணக்கு மாறாது.

இந்த முப்பது எங்கிருந்து வந்தது என்று தேடியபோது ஒரு வேடிக்கையைக் கண்டேன். 1939ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தில் அளவே கிடையாது. வண்டியைத் தக்கபடி கட்டுப்படுத்த இயலாத அளவுக்குக் குடித்திருந்தால் குற்றம் என்றது அது. இயலுமா இயலாதா என்று யார் சொல்வது? குடித்தவரைக் கேட்டால் "ஆகா, இயலும்" என்பார். 1988ஆம் ஆண்டுச் சட்டம் மறு கோடிக்குப் போயிற்று. எவ்வளவு சிறிதானாலும் சரி, இரத்தத்தில் மது இருந்தால் குற்றம் என்றது. பிறகு 1994இல் திருத்தம் வந்து, முப்பதில் வந்து நின்றது. இன்று 185ஆம் பிரிவின்படி முதன்முறை பிடிபட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை என்றால் இரண்டாண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். 2019 செப்டம்பர் முதல் நாளுக்குமுன் முதற்குற்றத்துக்கு அபராதம் 2,000 ரூபாய்தான்.

உலகிலேயே முதன்முதல் குடித்து மோட்டார் ஓட்டியதற்காகத் தண்டிக்கப்பட்டவர் என்று ஏடுகள் சொல்வது, இலண்டனில் வாடகை வண்டி ஓட்டிய ஜார்ஜ் ஸ்மித் என்பவரை. 1897 செப்டம்பரில் அவர் தம் மின்சார வண்டியை பாண்டு தெருவில் ஒரு கட்டடத்தின்மீது ஏற்றிவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். மோட்டார் பிறந்த சில ஆண்டுகளுக்குள் இந்தக் குற்றமும் பிறந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். அதற்கும் முன்னரே, 1872ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம் ஒன்று, பொது வழியில் வண்டி, குதிரை, மாடு, நீராவி எந்திரம் ஆகியவற்றைப் பொறுப்பில் வைத்துக்கொண்டு குடித்திருப்பதைக் குற்றமாக்கிற்று. கள் குடித்துவிட்டு மாடு ஓட்டிச் செல்வதும் அங்கே குற்றம்! மூச்சை அளக்கும் கருவியை அமெரிக்க நாட்டு இந்தியானாவில் பார்க்கன்ஸ்டைன் என்பவர் 1954இல் செம்மைப்படுத்தினார். அதைக் கொண்டு வரம்பு விதிக்கும் சட்டத்தை இங்கிலாந்தில் 1967இல் நிறைவேற்றிக் காட்டிய அமைச்சர் பார்பரா காசில் அம்மையார். அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது. தெரியாதவர் சட்டம் செய்யலாமா என்று அன்று பலர் கொதித்தார்களாம். ஓட்டத் தெரிந்தவர்கள் அதுவரை செய்யவில்லை என்பதை யாரும் நினைக்கவில்லைபோலும்.

இவ்வளவையும் சுவையாகச் சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால் எனக்கு இந்தப் பிரிவுகள் வெறும் தேர்வுப் பாடம் அல்ல. அதற்குக் காரணம் என் தாய்மாமன்.

மாமா திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளோடு ஊர் ஊராகச் சென்றவர். எங்கள் பக்கத்து ஆழ்குழாய்க் கிணற்று வண்டிகள் தெலங்கானா, மகாராட்டிரம் என்று போகாத ஊர் கிடையாது. அவற்றின் பின்னே இரும்புக் குழாய்களை ஏற்றிச் செல்லும் லாரியை ஓட்டியவர் அவர். 2011ஆம் ஆண்டு ஊர் திரும்பும் வழியில் கிருட்டிணகிரிக்கு அருகே வண்டியை ஓரங்கட்டி, சாலையை விட்டு இறங்கி நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கார் ஒன்று சாலையை விட்டு இறங்கி வந்து அவரைத் தேடிப்பிடித்து மோதிற்று. வலக்கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. ஓட்டிவந்தவர் தள்ளாடியதைத் தேநீர்க் கடையில் இருந்த அத்தனை பேரும் கண்டார்கள். ஆனால் அவரை நண்பர்கள் அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள்தான் அவர் வந்து நின்றார். ஊதவும் இல்லை, இரத்தம் எடுக்கவும் இல்லை. மது உடலில் மணிக்குப் பதினைந்து மில்லிகிராம் அளவில் கரைந்துகொண்டே போகும். மறுநாள் அவர் பச்சைத் தண்ணீர்போலத் தூயவராகிவிட்டார்.

ஆகவே 185ஆம் பிரிவு எழவே இல்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 338 ஆகிய இரு பிரிவுகள் மட்டும் நின்றன. மூன்றாண்டு கழித்து அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதம் விதிக்கப்பட்டது: பிரிவுக்கு ஆயிரமாக 2,000 ரூபாய். நீதிபதியைக் குறை சொல்வதற்கில்லை. அபராதம் என்று முடிவு செய்தால், அந்தப் பிரிவுகளில் அதற்குமேல் விதிக்க அவருக்கே அதிகாரமில்லை. மெக்காலே வரைந்து 1860இல் சட்டமானபோது ஆயிரம் ரூபாய் என்பது ஒரு குடும்பத்தைச் சாய்த்துவிடும் தொகை. நூற்றைம்பது ஆண்டில் ரூபாய் தேய்ந்து தேய்ந்து, ஒரு மனிதனின் காலுக்கு அதுவே உச்ச விலையாகிவிட்டது. ஈட்டுத் தொகை வேறு வழக்கில், வேறு மன்றத்தில், காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து வந்தது. வந்த பணத்தில் மாமா சாலையோரம் ஒரு பெட்டிக்கடை வைத்தார்.

நான் சட்டம் படிக்கப் புறப்பட்டபோது எல்லாரும் "நீதிபதியாக வா" என்று வாழ்த்தினார்கள். மாமா மட்டும், "அந்த ரெண்டாயிரம் ரூபாய்ச் சட்டத்தை எந்த வருசத்துப் பாடத்திலே சொல்லித் தருவாங்க, மாப்பிள்ளை?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டார்.

தமிழருக்குத் தெரிந்த மிகப் பழைய சாலை வழக்கு எது? திருவாரூர் வழக்குத்தான். இளவரசன் தேர் ஏறி அரச வீதியில் சென்றான். பசுங்கன்று ஒன்று துள்ளி வந்து சக்கரத்தில் பட்டு மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான். சேக்கிழார் பாடியுள்ள இக்கதையை நாம் பள்ளியிலிருந்து நீதியின் சிகரமாகக் கேட்டு வருகிறோம். சட்டம் பயில்கிற மாணவன் ஒருவன் இன்று அதைப் படித்தால் சிறிது தடுமாறுவான். இளவரசன் குடித்திருக்கவில்லை. கன்று தானே வந்து விழுந்தது. இன்றைய வழக்கறிஞர் ஒருவர் அரை மணியில் அவனை விடுதலை செய்துவிடுவார்! மன்னன் மகனின் மனத்தை ஆராயவில்லை. பசுவின் துயரத்தை மட்டும் அளந்தான். நம் சட்டமோ துயரத்தை அளப்பதில்லை. ஓட்டியவனின் மனத்தைத்தான் அளக்கிறது. எனக்குத் தோன்றுவது என்னவென்றால், இரண்டுமே முழு நீதியாகத் தெரியவில்லை.

மனத்தை அளப்பது என்றேன். அதுதான் இத்துறையில் பெரும் போர்க்களம். ஒருவன் கவனக்குறைவால் உயிரைப் போக்கினால் பழைய சட்டத்தில் 304-அ பிரிவு. இரண்டாண்டுக்கு மேல் சிறை இல்லை. இவ்வாறு செய்தால் உயிர் போகக்கூடும் என்று அறிந்தே செய்தால் 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி. பத்தாண்டு வரை சிறை. குடித்துவிட்டு வண்டியில் ஏறியவன் எதில் சேர்வான்? கவனம் தவறியவனா, அறிந்து செய்தவனா?

இந்தக் கேள்விக்காகவே பதின்மூன்று ஆண்டு ஓடிய வழக்கு ஒன்று உண்டு. 1999 சனவரி 10, தில்லி லோதி காலனி. விடியுமுன் பனிமூட்டத்தில் ஒரு பி.எம்.டபிள்யூ. கார் வழியில் நின்றவர்கள்மேல் பாய்ந்தது. ஆறு பேர் மாண்டனர். அவர்களுள் மூவர் காவலர். ஓட்டியவர் சஞ்சீவ் நந்தா, கடற்படைத் தலைவராக இருந்த அட்மிரல் நந்தாவின் பேரர். கார் நிற்காமல் சென்றுவிட்டது. ஆனால் அதன் வயிற்றிலிருந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டே போயிற்று. காவலர் அந்தச் சுவட்டைப் பிடித்துக்கொண்டே போய், கால்ஃப் லிங்க்ஸ் பகுதியில் ஒரு வீட்டை அடைந்தனர். அங்கே காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்! துப்பறியும் நாவல் எழுதுகிறவர் இப்படி எழுதினால் "நம்பும்படி இல்லை" என்று நாம் தள்ளிவிடுவோம்.

விந்தை அதோடு முடியவில்லை. தப்பிப் பிழைத்த ஒருவரே நீதிமன்றத்தில் தம்மை மோதியது லாரி என்றார். கண்ணால் கண்டதாகத் தாமே முன்வந்த சுனில் குல்கர்னி என்னும் சாட்சி, ஒரு நாள் ஒன்று சொன்னார், மறு நாள் மற்றொன்று சொன்னார். 2007இல் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று மறைவாகப் படம் பிடித்து வெளியிட்டது. அரசுத் தரப்பு வழக்கறிஞரும் எதிர்த் தரப்பு மூத்த வழக்கறிஞரும் அதே சாட்சியோடு தொடர்பு வைத்திருந்ததை ஊரே கண்டது. இருவர்மீதும் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை எடுக்கப்பட்டது. சட்டக் கல்லூரி மாணவர்க்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கைப் பாடம் வேறு இருக்க முடியாது; ஆனால் எங்கள் வகுப்பில் இந்தப் பகுதி வந்தபோது எல்லாரும் கதை கேட்பதுபோல வாய் பிளந்து கேட்டார்களே ஒழிய, ஒருவரும் குறிப்பெடுக்கவில்லை.

2008இல் விசாரணை நீதிமன்றம் "அறிந்து செய்தது" என்று ஐந்தாண்டு விதித்தது. 2009இல் உயர் நீதிமன்றம் "கவனக்குறைவு" என்று இரண்டாண்டாகக் குறைத்தது. 2012 ஆகத்தில் உச்ச நீதிமன்றம் மீண்டும் "அறிந்து செய்ததே" என்றது. எனினும் சிறையில் கழித்த காலமே போதும் என்று கூறி, 50 இலட்சம் ரூபாய் கட்டவும், இரண்டாண்டு சமூகத் தொண்டு செய்யவும் ஆணையிட்டது. குற்றம் பெரிது, தண்டனை சிறிது! அதே ஆண்டு சனவரியில், மும்பையில் 2006ஆம் ஆண்டு நடைபாதையில் உறங்கிய தொழிலாளர் எழுவர்மேல் காரை ஏற்றிய மற்றோர் இளைஞரின் வழக்கிலும், குடித்து ஓட்டியது அறிந்து செய்ததே என்று அதே நீதிமன்றம் உறுதி செய்து மூன்றாண்டுச் சிறையை நிலைநிறுத்தியிருந்தது.

என் அறைத் தோழருக்குச் சட்டத்தைவிட விந்தைக் குற்றங்களில் நாட்டம் அதிகம். இரவு உணவுக்குப்பின் உண்மைக் குற்றக் கதைகளைக் கேட்டுக்கொண்டேதான் உறங்குவார். நம் பாட்டனார் காலத்தில் 1952இல் ஆளவந்தார் கொலை வழக்கை, செய்தித்தாளை முறை வைத்துக்கொண்டு படித்தார்களாமே, அந்த ஆவல்தான் இது. நானும் துறவியல்லேன், செவி கொடுத்துக் கேட்பேன். அவர் சொன்னவற்றுள் என் மனத்தை விட்டு நீங்காதது நியூயார்க்கு மைக்கேல் மல்லாயின் கதை.

1932ஆம் ஆண்டு முடிவு. அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பில் இருந்த காலம். ஒரு திருட்டுச் சாராயக் கடைக்காரரும் கூட்டாளிகளும், வீடு வாசலற்ற குடியரான மல்லாயின் பெயரில் ஆயுள் காப்பீடு செய்தார்கள். பிறகு அவருக்குக் கணக்கின்றி ஊற்றினார்கள். சாகவில்லை. மர எரிசாராயம் கொடுத்தார்கள். சாகவில்லை. கற்பூரத் தைலம், எலி நஞ்சு, தகரத் துணுக்குகள் கலந்த கெட்டுப்போன மீன், எல்லாம் கொடுத்தார்கள். சுவைத்துத் தின்று, இன்னும் உண்டா என்றாராம். பனியில் தண்ணீர் ஊற்றிக் கிடத்தினார்கள். மறுநாள் கடைக்கு வந்துவிட்டார். இறுதியில் கூட்டாளியான வாடகைக் கார் ஓட்டியைக் கொண்டு அவர்மேல் காரை ஏற்றினார்கள். சில வாரம் மருத்துவமனையில் கிடந்துவிட்டு, "தாகமாக இருக்கிறது" என்று அதே கடைக்குத் திரும்பினார்! 1933 பிப்ரவரியில் நச்சு வாயுவால்தான் அவரை முடிக்க முடிந்தது. நால்வர் 1934இல் சிங் சிங் சிறையில் மின் நாற்காலி ஏறினர். காரை ஏற்றியவருக்குச் சிறை.

கேட்டு எல்லாரும் சிரித்தோம். பிறகு நான் மருத்துவம் பயிலும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. மர எரிசாராயம் என்பது மெத்தனால். அதன் நஞ்சைத் தடுக்கும் மருந்துகளுள் சாதாரணச் சாராயமும் ஒன்று. ஓயாமல் ஊற்றியதாலேயே அந்த மனிதர் பிழைத்திருக்கக்கூடும் என்றார். "அதே மெத்தனால்தான் 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது" என்றும் சொன்னார். அதற்குப் பின் அந்தக் கதை எனக்கு வேடிக்கையாக இல்லை.

வேறு சிலவும் உண்டு. 2001இல் டெக்சாசில் போதையில் கார் ஓட்டிய ஒரு பெண், மோதுண்டு முன் கண்ணாடியில் சிக்கிய மனிதரோடு அப்படியே வீடு சென்று, வண்டிக் கொட்டகையில் அவரைச் சாகவிட்டாள். 2003இல் அவளுக்கு 50 ஆண்டுச் சிறை. கேட்கவே குலை நடுங்குகிறது. இதற்கு நேர்மாறாக, 2024இல் பெல்சிய நாட்டு புரூசு நகரில் ஒருவர் குடித்து ஓட்டிய குற்றத்திலிருந்து விடுதலை பெற்றார். அவர் குடிக்கவே இல்லை. வயிற்றுக்குள் உண்ட உணவே நொதித்து மதுவாகும் அரிய நோய் அவருக்கு. தொழிலோ மதுவடிசாலையில்! மருத்துவர் மூவர் சான்று சொன்ன பிறகே நீதிமன்றம் நம்பிற்று. என் அறைத் தோழர் உடனே, "அந்த நோய்க்குச் சான்றிதழ் இங்கே எவ்வளவு?" என்று கேட்டார்.

இத்தகைய கதைகள் நம்மை ஏன் இழுக்கின்றன? அவை நம் தெருவில் நடப்பதில்லை என்ற நிம்மதியால்தான் என்று நினைக்கிறேன். நம் தெருவில் நடப்பவற்றில் விந்தை இராது. கொண்டாப்பூரிலிருந்து சிறிது தொலைவில் உள்ள பல்லுயிர்ப் பூங்கா மேம்பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 நவம்பர் தொடக்கத்தில் திறந்தார்கள். அம்மாதம் 23ஆம் நாள், 40 கிலோமீட்டர் வேகம் விதித்த வளைவில் ஒரு கார் நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்து, தடுப்பைத் தாண்டிக் கீழே விழுந்தது. கீழே நின்ற பெண்மணி ஒருவர் மாண்டார். பட்டப்பகல். மதுவின் பேச்சே இல்லை. வெறும் வேகம். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர் என்பது அரசின் கணக்கு. அவர்களுள் நூற்றுக்கு 71 பேர் மிகைவேகத்தால் மாண்டவர் என்று அதே ஏடு சொல்கிறது. குடியின் பங்கு அந்த ஏட்டில் மிகச் சிறிது. எனக்கு மாமாவின் வழக்கு நினைவுக்கு வருகிறது. அன்று ஊதியிராதவரெல்லாம் எந்தப் பத்தியில் எழுதப்பட்டிருப்பார்கள்?

ஆபத்தாக ஓட்டுவதைப் பற்றிய 184ஆம் பிரிவு இந்த வேகத்துக்காகத்தான் இருக்கிறது. சிவப்பு விளக்கை மீறுவது, கையில் தொலைபேசி வைத்துக்கொண்டு ஓட்டுவது, எதிர்த்திசையில் வருவது எல்லாம் 2019 திருத்தத்தில் அதற்குள் அடங்கின. முதற்குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். சனிக்கிழமை இரவு ஊதுவதற்கு அஞ்சி அடங்கி வருகிற அதே ஆள், திங்கட்கிழமை காலை கச்சிபௌலி நோக்கி எதிர்த்திசையில் தொலைபேசியோடு பறப்பதைக் காண்கிறேன். அளக்கும் கருவி இருந்தால்தான் குற்றம் குற்றமாகத் தெரிகிறது.

கட்டுரை எழுதுவதும் ஒரு தண்டனை என்பதை நான் 2024 மே மாதம்தான் அறிந்தேன். அம்மாதம் 19ஆம் நாள் அதிகாலை, புனே கல்யாணி நகரில் 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் போர்ஷே கார் மோதி இளம் பொறியாளர் இருவர் இறந்தனர். சிறார் நீதி வாரியம் சில மணி நேரத்தில் பிணை கொடுத்தது. விபத்துகளைப் பற்றி 300 சொல்லில் ஒரு கட்டுரை எழுது என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. நாடு கொந்தளித்தது; ஆணை மாற்றப்பட்டது. பிறகு வந்த குற்றச்சாட்டுத்தான் விந்தையிலும் விந்தை. அரசு மருத்துவமனையில் சிறுவனின் இரத்தத்தை எறிந்துவிட்டு, அவன் தாயின் இரத்தத்தை வைத்தார்கள் என்று மருத்துவர்களும் பெற்றோரும் கைதாயினர். தாயின் இரத்தம் மகனைக் காக்கும் என்பதை இவ்வளவு சொல்லுக்குச் சொல்லாக யாரும் பொருள்கொண்டிருக்க மாட்டார்கள். இக்கட்டுரையோ முந்நூறு சொல்லை எப்போதோ தாண்டிவிட்டது. எனக்குப் பிணை தருவார் யாருமில்லை.

நம் தமிழகத்திலிருந்து சென்ற வழக்கு ஒன்று நாடு முழுவதையும் ஆட்டிவைத்ததை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. வழக்கறிஞர் கே. பாலு நெடுஞ்சாலைச் சாராயக் கடைகளை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2016 திசம்பர் 15இல் உச்ச நீதிமன்றம் நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. சட்டம் கோலத்தில் புகுந்தால் நம்மவர் தடுக்கில் புகுவார்கள். சில மாநிலங்கள் நெடுஞ்சாலைகளின் பெயரையே மாற்றி, "இது நெடுஞ்சாலை அன்று, ஊர்ச்சாலை" என்று அறிவித்தன. கேரளத்தில் வடக்குப் பறவூரில் ஒரு மதுக்கடைக்காரர் வாசலில் வளைந்து வளைந்து செல்லும் ஒரு சுழல்வழியைக் கட்டினார். நடந்தால் தூரம் கணக்குக்கு வந்துவிடும்! உள்ளே போகிறவர் வழி கண்டுவிடுவார். வெளியே வருகிறவர் கதியை நினைத்துப் பாருங்கள். பின்னர் நீதிமன்றமே நகர எல்லைக்குள் விதியைத் தளர்த்திவிட்டது.

இவையெல்லாம் எழுதி வைத்திருந்த வேளையில்தான் 2025 அக்டோபர் 24 வந்தது. ஐதராபாத்திலிருந்து பெங்களூர் சென்ற தனியார் பேருந்து, கர்நூலுக்கு அருகே விடியற்காலையில், சாலையில் கிடந்த ஒரு மோட்டார் சைக்கிள்மேல் ஏறி, அதை இழுத்துக்கொண்டே சென்றது. தீப்பற்றிற்று. உறக்கத்திலிருந்த பயணிகள் 19 பேர் கருகினர். அந்த மோட்டார் சைக்கிளை ஓட்டியவர் சற்று முன்னரே நடுத்தடுப்பில் மோதி மாண்டு கிடந்தார். அவர் உடலில் மது இருந்ததைத் தடயவியல் சோதனை உறுதி செய்தது என்று காவல்துறை அறிவித்தது. குடித்து ஓட்டுகிறவர்களைப் பயங்கரவாதிகள் என்றே ஐதராபாத்துக் காவல் ஆணையர் சஜ்ஜனார் வெளிப்படையாக எழுதினார். சொல் கடுமை மிக்கதுதான். கண்டிக்க மனம் வரவில்லை.

அந்தப் பேருந்து வகை நமக்கு அந்நியமன்று. நம் மன்றத்தில் பாதிப் பேர் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அதே சாலையில்தான் ஊர் போகிறோம். கர்நூல், அனந்தப்பூர், பெங்களூர், கிருட்டிணகிரி, சேலம் என்று நீளும் 44ஆம் எண் நெடுஞ்சாலை. மாமா தேநீர் குடித்து நின்றதும் அதே சாலையின் ஓரம்தான். அன்று அதற்கு எண் ஏழு.

அன்று மாலை மாமா தொலைபேசியில் அழைத்தார். நான் புதிய சட்டத்தைச் சொன்னேன். 2024 சூலை முதல் நாளிலிருந்து நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்கிதாவில், கவனக்குறைவால் உயிர் போனால் ஐந்தாண்டு வரை சிறை. கால் போனால் மூன்றாண்டு வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்றேன்.

"ஆயிரம் பத்தாயிரம் ஆயிடுச்சா? பரவாயில்லை, கால் விலை ஏறியிருக்குது" என்றார்.

மோதிவிட்டுச் சொல்லாமல் ஓடினால் பத்தாண்டு என்ற உட்பிரிவு, லாரிக்காரர் வேலைநிறுத்தத்தால் நிறுத்திவைக்கப்பட்டதையும் சொன்னேன். அவர் மகிழ்வார் என்று நினைத்தேன். மாமா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அது நின்னதும் சரிதான், மாப்பிள்ளை. நின்னா கூட்டம் அடிச்சே கொன்னுடும்னு பயந்து ஓடறவன் பாதிப் பேர். என் மேலே ஏத்தினவன் ஓடினது அதுக்கில்லை. அந்த ரெண்டு பேரையும் எப்படிப் பிரிச்சு எழுதுவாங்க?" என்றார்.

"இன்னும் எழுதவில்லைங்க மாமா" என்றேன்.

"சரி, பொங்கலுக்கு வர்றயா?"

"வருகிறேனுங்க மாமா. பஸ்ஸில் சீட்டுப் போட்டிருக்கிறேன்."

"ஏறினதும் பின்னாடிக் கதவு திறக்குதான்னு ஒருக்கா இழுத்துப் பார்த்துட்டு அப்புறம் படு" என்று சொல்லிவிட்டு, கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று வைத்துவிட்டார்.